கூலன்ட் சென்சார்தான் போச்சா? உங்க கேள்விகளும் பதிலும்

ஸ்கேனர்ல பி0118 வருது, புது சென்சார் போட்டும் அதே கோட் திரும்ப வருது, ஏன்?

அந்த கோட், கூலன்ட் சூட்டை இன்ஜின் கம்ப்யூட்டருக்கு (ஈசியூ) சொல்ற சென்சார் செத்துடுச்சுன்னு சொல்லலங்க, சர்க்யூட்ல வோல்டேஜ் அதிகமா இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது, அதாவது பெரும்பாலும் எங்கயோ லைன் விட்டிருக்கு. ஸ்கேனரோட லைவ் டேட்டால கூலன்ட் மைனஸ் 40 காட்டும் பாருங்க. ரெண்டு பின் சென்சார்னா இப்படி பண்ணுங்க: இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப், கனெக்டரை கழட்டி வயர் பக்கம் இருக்கற ரெண்டு பின்னையும் ஒரு சின்ன வயரால சேருங்க. ரீடிங் சட்டுன்னு 130க்கு மேல எகிறினா வயரிங்கும் ஈசியூவும் நல்லா இருக்கு, சென்சார் மேலயோ பின் லூஸ் மேலயோ சந்தேகப்படலாம். அசையவே இல்லைன்னா பிரச்சனை வயர்லயோ ஈசியூலயோதான், எத்தனை சென்சார் மாத்தினாலும் காசுதான் போகும். கனெக்டருக்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க, பின்ல பச்சையா பூத்திருந்தா பாதி கேஸ் அங்கயே முடிஞ்சுது. மூணு நாலு பின் இருந்தா வயரிங் டயகிராம் இல்லாம ஷார்ட் பண்ணவே கூடாது.

காலைல ஸ்டார்ட் ஆக ரொம்ப அடம் பிடிக்குது, ஆனா டெம்பரேச்சர் முள்ளு சரியாதான் இருக்கு?

முள்ளை நம்பாதீங்க, சில வண்டில முள்ளுக்கு தனி சென்சார், ஈசியூவுக்கு தனி சென்சார். ராத்திரி முழுக்க நின்ன வண்டில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இக்னிஷன் மட்டும் ஆன் பண்ணி ஸ்கேனர்ல கூலன்டையும் இன்டேக் ஏர் டெம்பரேச்சரையும் (இன்ஜின் உள்ள இழுக்கற காத்தோட சூடு) பக்கத்துல வச்சு பாருங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். ஏர் 25, கூலன்ட் 70ன்னு இருந்தா ஈசியூ இன்ஜின் சூடா இருக்குன்னு நினைச்சு பெட்ரோலை கம்மியா குடுக்கும், அப்பறம் எப்படி ஸ்டார்ட் ஆகும்? இதே தலைகீழா சூடான இன்ஜினை குளிருன்னு காட்டினா கருப்பு புகை, பெட்ரோல் வாடை, மைலேஜ் காலி, பிளக்கு கரி புடிச்சிருக்கும்.

ஸ்கேனர் இல்ல, மல்டிமீட்டர் மட்டும்தான்.

அது போதும். சூடு ஏற ஏற ஓம்ஸ் குறையணும், அவ்ளோதான் கணக்கு. நிறைய வண்டில 20 டிகிரில 2000லேர்ந்து 3000 ஓம் வரைக்கும், 80 டிகிரில சுமார் 300 ஓம், உங்க வண்டியோட சரியான நம்பர் சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். கழட்டின சென்சாரோட முனையை மட்டும் தண்ணில முக்கி மெதுவா சூடாக்குங்க, மீட்டர்ல நம்பர் வழுக்கிட்டு இறங்கணும், நடுவுல திடீர்னு குதிச்சா அந்த சென்சாரை தூக்கி போடுங்க.

வண்டி ஆன் பண்ண உடனே ஃபேன் ஓடுது?

ஏசியை ஆஃப் பண்ணிட்டு பாருங்க முதல்ல. அப்பவும் ஓடினா சிக்னலை நம்ப முடியாம ஈசியூ சேஃப்டிக்கு ஓட்டுதுன்னு எடுத்துக்கலாம், ஸ்கேன் பண்ணுங்க.

ஹைவேல டெம்பரேச்சர் இறங்குது, பி0128 வருது?

இன்ஜின் போதுமான அளவு சூடாகலன்னு சொல்ற கோட் அது. ரேடியேட்டருக்கு கூலன்ட் போறதை கட்டுப்படுத்தற வால்வு, அதாவது தெர்மோஸ்டாட், திறந்தே மாட்டிக்கிச்சு, பெரும்பாலும் அதுதான். கூலன்ட் லெவலையும் பாத்துடுங்க, சென்சாரை அப்பறம் பாக்கலாம்.

நானே மாத்தலாமா?

தாராளமா. இன்ஜின் நல்லா ஆறினப்பறம் மட்டும், சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடி பக்கமே கை போக கூடாது. ஓ-ரிங்கோ வாஷரோ புதுசு போடுங்க, பிளாஸ்டிக் ஹவுசிங்னா வெறி புடிச்ச மாதிரி டைட் பண்ணாதீங்க, விரிசல் விடும். கூலன்ட் நிரப்பினதும் ஏர் லாக் (உள்ள மாட்டின காத்து) எடுக்க மறந்துடாதீங்க, சென்சார் முனை காத்துல நின்னா புது சென்சாரும் தப்பாதான் காட்டும்.