எட்டு பேருக்கு கேஎல் பாஸ், ஒரே ஆளோட கார்டு

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம். வீட்டுக்காரரு செம்பனை லாரி ஓட்டுறாரு, நான் ஈப்போவுல தொழிற்சாலை வேலை, ரெண்டு பேர் சம்பளமும் சேத்து கையில வர்றது 4,100 வெள்ளி (ரிங்கிட்). ஸ்கூல் லீவுக்கு வெள்ளிக்கிழமை கிளம்பி நாலு நாள் கேஎல் (கோலாலம்பூர்) போறோம், பிரிக்ஃபீல்ட்ஸ்ல ரூம். நாங்க, பசங்க ரெண்டு பேர் (11, 8), முட்டி வலி உள்ள எங்கம்மா (66), அப்புறம் நாத்தனார், அவங்க வீட்டுக்காரரு, அவங்க பையன், மொத்தம் எட்டு பேர். ட்ரெயின் டிக்கெட் எட்டு பேருக்கும் நானே எடுத்துட்டேன், அதுல நாத்தனார் வீட்டுது 210. இப்போ ரேப்பிட் கேஎல் (சிட்டி பஸ், எல்ஆர்டி ரயில்) மூணு நாள் பாஸ் 15 வெள்ளிக்கு எடுக்கவா, ஒரு நாள் பாஸ் 6 வெள்ளிக்கு எடுக்கவா, இல்ல மை50ங்கிற மாசப் பாஸ் எடுக்கவா? ஒரு ஆப்புல அஞ்சு சுற்றுலா இடத்துக்கு நுழைவு பாஸ், ஆளுக்கு 150ன்னு விக்கிறாங்க, எட்டு பேருக்கு 1,200, மூணு மாசம் 400, 400ன்னு கட்டலாம், வட்டி இல்லையாம், மாசம் 400 எங்களால கட்ட முடியும். பசங்க ஆசைப்படுறது ரெண்டு இடம், இன்னும் சிலது இருக்கு, ஐசி (அடையாள அட்டை) விலைப் பட்டியல் இதோட அனுப்பியிருக்கேன். நாத்தனார் "நீ போட்டு வை, அப்புறம் தர்றேன்"ங்கிறாங்க. போன வருஷம் லங்காவி போனப்போ போட்ட 640 இன்னும் வரல, கேக்க ஒரு மாதிரியா இருக்கு. கிரெடிட் கார்டுல 2,800 கடன் நிக்குது, மாசம் மினிமம் கட்டுறேன். பாஸ் முடியாட்டி வீட்டுக்காரரோட இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூணாவது கணக்குல 700 இருக்கு, எடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, உங்க கடிதத்துல பாஸ பத்தி பத்து வரி இருக்கு, அந்த 640 பத்தி ஒரே வரி. நான் அந்த ஒரு வரியத்தான் ரெண்டு தடவ படிச்சேன். ஆனா கேட்டதுக்கு பதில் சொல்லாம விட்டா நியாயம் இல்ல, அதனால பாஸ் கணக்க முதல்ல முடிச்சிடுறேன்.

மை50ய விட்டுடுங்க. 50 வெள்ளிக்கு 30 நாள், அது தினமும் கேஎல்ல வேலைக்கு போய் வர்றவங்களுக்கு நல்ல சாமான், நாலு நாள் சுத்த வர்றவங்களுக்கு இல்ல. அதுவும் ஒரு ஆளுக்கு ஒண்ணு, ஒருத்தர் உள்ள போயிட்டு கார்ட வெளிய நிக்கிறவங்க கையில குடுக்குற வேலையெல்லாம் நடக்காது.

அடுத்து மூணு நாள் பாஸ் 15, ஒரு நாள் பாஸ் 6ன்னு எழுதியிருந்தீங்களே (எடுக்குற அன்னைக்கு கவுண்டர்ல விலைய ஒரு தரம் கேட்டுக்குங்க). உங்க திட்டத்த வச்சு பாருங்க. வெள்ளிக்கிழமை சாயந்தரம் போய் இறங்குறீங்க, பிரிக்ஃபீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரலுக்கு நடக்குற தூரம், அன்னைக்கு பஸ் ரயில் எதுவும் வேணாம். சனிக்கிழமை கேஎல்சிசி, பசார் செனி, திரும்ப ரூம், மூணு தடவ எல்ஆர்டி, தடவைக்கு அதிகபட்சம் ரெண்டரை வெள்ளின்னு வச்சுக்கிட்டாலும் ஏழரை. ஞாயிறு பத்துமலை. அதுக்கு கேஎல் சென்ட்ரல்லேர்ந்து கேடிஎம் கொம்யூட்டர் நேரா போகுது, ஆனா ரேப்பிட் கேஎல் பாஸ் கேடிஎம்ல செல்லாது, தனியா டிக்கெட் எடுக்கணும், நெறைய பேர் இங்கதான் ஏமாந்து போறாங்க, பாஸ் கையில இருக்குன்னு ஸ்டேஷன் கேட்டுக்கு போயிட்டு அப்புறம் மறுபடி வரிசையில நிக்கிறாங்க. திங்கக்கிழமை ஊருக்கு ட்ரெயின். ஆக பாஸ் உண்மையில வேலை செய்யுறது சனிக்கிழமை மட்டும். ஒரு நாள் பாஸ் எடுத்தா மிஞ்சிப் போனா ஆளுக்கு ஒன்றரை வெள்ளி மிச்சம், எட்டு பேருக்கும் கூட்டினாலும் 12 வெள்ளிதான். மூணு நாள் பாஸ் எட்டு பேருக்கு 120, ஒரு நாள் பாஸ் எட்டு பேருக்கு 48, அந்த 72 வெள்ளி சும்மா போகுது.

அம்மாவுக்கு 60 தாண்டிடுச்சு, மலேசியக்காரங்களுக்கு அந்த வயசுக்கு மேல எல்ஆர்டி எம்ஆர்டியில பாதிக் கட்டணம், சலுகை அட்டை மட்டும் எடுத்து வச்சுக்கணும், அவங்களுக்கு பாஸே வேணாம். கேஎல்சிசிக்கும் புக்கிட் பிந்தாங்குக்கும் நடுவுல கோகேஎல் பஸ் ஓடுது, 2012லேர்ந்து நம்மளுக்கு இலவசம், ஐசி கையில இருக்கட்டும். அந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல ஏர்கான் போட்ட நடைபாலமும் இருக்கு, ஆனா அம்மா முட்டிக்கு பஸ்தான் சரி.

இப்போ அந்த 150 வெள்ளி பாஸ். இந்த மாதிரி சாமான்கள் மேல எனக்கு ரொம்ப நாளா நம்பிக்கை இல்ல, ஏன்னு சொல்றேன். "40 விழுக்காடு மிச்சம்"னு போடுறாங்க இல்லையா, எந்த விலையிலேர்ந்து மிச்சம்னு பாருங்க. பெரும்பாலும் வெளிநாட்டுக்காரங்களுக்கு வச்ச விலையிலேர்ந்து. நம்ம கையில ஐசி இருக்கு, நம்ம ஊர் இடங்கள்ல ஐசிக்கு தனி விலை. தேசிய அருங்காட்சியகத்துல வெளிநாட்டுக்காரங்களுக்கு 5 வெள்ளி, நமக்கு 2. பெரிய இடங்கள்ல இந்த வித்தியாசம் இன்னும் பெருசா இருக்கும். நீங்களே ஒரு ராத்திரி உக்காந்து ஐசி விலைய பட்டியல் போட்டு அனுப்பியிருக்கீங்க, அதுக்கு பாராட்டணும், ஆனா போட்ட பட்டியல கூட்டிப் பாக்காம விட்டுட்டீங்க. பசங்க ஆசைப்பட்டது ரெண்டு இடம்தான். அந்த ரெண்டுக்கும் சேத்து பெரியவங்களுக்கு 80, பசங்களுக்கு 60. உங்க வீட்டு அஞ்சு பேருக்கு 240ம் 120ம், 360 வெள்ளி. ஆப் பாஸ்னா அதே அஞ்சு பேருக்கு 750. மத்த மூணு இடம் என்னன்னு உங்களுக்கே சரியா ஞாபகம் இல்ல, கடிதத்துல "இன்னும் சிலது"ன்னு எழுதியிருக்கீங்க. 66 வயசு அம்மாவையும் எட்டு வயசு பிள்ளையையும் கூட்டிக்கிட்டு ரெண்டு நாள்ல அஞ்சு இடம் யாரால பாக்க முடியும், காசு குடுத்துட்டோமேன்னு ஓடி ஓடி கடைசில எல்லாரும் சிடுசிடுன்னு ஆயிடுவாங்க. கேஎல்சிசி பூங்காவுல பிள்ளைங்க தண்ணியில விளையாடுற குளம் இருக்கு, ராத்திரி நீரூற்று லைட் இருக்கு, ரெண்டுக்கும் காசு இல்ல. மாத்துத் துணி எடுத்துக்குங்க. சின்னவங்களோட மைகிட்டையும் (பிள்ளைங்க அடையாள அட்டை) மறக்காம எடுத்து வைங்க, இல்லன்னா சில கவுண்டர்ல ஐசி விலை குடுக்க மாட்டாங்க.

பாஸ் விஷயம் இவ்ளோதான். இனி அந்த 640.

கார்டுல 2,800 நிக்குதுல்ல, வருஷத்துக்கு 18 விழுக்காடுன்னா மாசம் 42 வெள்ளி வட்டி. மினிமம் 5 விழுக்காடு, 140 கட்டுறீங்க, அதுல 42 வட்டிக்கு, கடன் குறையுறது 98தான். இது உங்களுக்கு தெரிஞ்ச கணக்கு. தெரியாதது என்னன்னா அந்த 2,800க்குள்ள நாத்தனார் வீட்டு 640 உக்காந்திருக்கு. ஒரு வருஷமா அவங்க கடனுக்கு நீங்க வட்டி கட்டுறீங்க, 640க்கு வருஷத்துக்கு 115 வெள்ளி. அவங்களுக்கு இது தெரியவே தெரியாது, அவங்க மனசுல அது இன்னும் 640தான், இல்லன்னா மறந்தே போயிருக்கும். இப்போ ட்ரெயின் 210 சேத்தா 850. ஆப் பாஸ் மூணு பேருக்கு 450 சேத்தா 1,300. கேஎல் போய் திரும்புறதுக்குள்ள ஒரு குடும்பத்துக்கு மட்டும் 1,300 வெள்ளி நீங்க கடன் குடுத்தவங்க ஆயிடுவீங்க, அதுவும் உங்ககிட்ட இல்லாத காசுல. 12 வெள்ளி மிச்சத்துக்கு எந்த பாஸ்னு யோசிச்சிட்டு இருக்கோம், இந்தப் பக்கம் மாசம் 42 ஒழுகுது.

நாத்தனார் கெட்டவங்கன்னு நான் சொல்லல. அவங்க வீட்டுலயும் கஷ்டம் இருக்கலாம். ஆனா "நான் போட்டுடுறேன்"னு முதல்ல வாயத் தொறக்குறது நீங்க. உங்க கடிதத்துல மூணு இடத்துல இருக்கு, லங்காவியில நீங்க போட்டீங்க, ட்ரெயினுக்கு நீங்க போட்டீங்க, இப்போ பாஸுக்கு போட ரெடியா இருக்கீங்க. கார்டு வந்ததுலேர்ந்து வந்த பழக்கம் இது. கையில ரொக்கம் எண்ணிக் குடுக்கணும்னா எட்டு பேருக்கு குடுத்திருப்பீங்களா?

எங்கம்மா தோட்டத்துல பால் மரம் வெட்டுனவங்க, மாசக் கடைசில மளிகைக் கடைல 555 நோட்டுல (கடன் எழுதி வைக்கிற சின்ன நோட்டு) எழுதித்தான் சாமான் வாங்குவோம். அந்தக் கடைக்காரரு எழுதுறப்போ ஒரு பக்கம் தாண்டினா அம்மா முகத்த பாத்து "போதுங்களா, சம்பளம் வரட்டுமே"ன்னு கேப்பாரு. அந்த ஒரு கேள்வி எங்க வீட்ட காப்பாத்திருக்கு, நிஜமா சொல்றேன். இந்த மூணு மாசக் கடன் ஆப்புல அப்படி கேக்க ஆள் இல்ல. வட்டி இல்லங்கிறது உண்மையா இருக்கலாம், தவணை ஒரு நாள் தவறினா தாமதக் கட்டணம் வருமே. அதுக்கும் மேல, 1,200ன்னு பாத்தா யோசிச்சிருப்பீங்க, 400ன்னு பாத்ததால "சரி"ன்னு தோணுது. லீவு முடிஞ்சு பசங்களுக்கு யூனிஃபார்ம், சப்பாத்து, பஸ் காசு எல்லாம் வர்ற மாசத்துல ரெண்டாவது 400 வந்து நிக்கும்.

சரி, என்ன செய்யணும். நாத்தனார்கிட்ட நீங்க பேசாதீங்க, உங்க வீட்டுக்காரரு பேசட்டும். அவரோட அக்கா. மருமக காசு கேட்டான்னா அது வேற மாதிரி போகும், தம்பி கேட்டா அது வீட்டுப் பேச்சு. பழசக் கிளற வேணாம், இப்போதைக்கு ட்ரெயின் 210 மட்டும், "அக்கா, டிக்கெட் காச கிளம்புறதுக்கு முன்னாடி போன்ல டுயிட்நவ் வழியா பேங்குக்கு போட்டு விடு, இந்தத் தடவ கார்ட வீட்டுலயே வச்சிட்டு வர்றோம், அங்க டிக்கெட்டெல்லாம் அவங்கவங்க கவுண்டர்ல எடுத்துக்கலாம்"னு சொன்னா போதும். அப்புறம் கார்ட நிஜமாவே வீட்டுல வச்சிட்டு போங்க. அவங்களால ரெண்டு இடத்துக்கு காசு போட முடியலன்னா அன்னைக்கு அவங்க பூங்காவுல இருக்கட்டும், சாயந்தரம் எல்லாரும் ஒண்ணா சாப்பிடலாம், குடும்பம் ஒண்ணும் பிரிஞ்சிடாது. அந்தப் பையனுக்கு அத்தையா நீங்க ஒரு டிக்கெட் எடுத்துக் குடுக்கணும்னு ஆசைப்பட்டா 60 வெள்ளி, குடுங்க, மனசார குடுங்க, கடன்னு எழுதாதீங்க.

640 விஷயம் ட்ரிப் முடிஞ்சு வந்தப்புறம். அதையும் தம்பிதான் கேக்கணும், மொத்தமா வேணாம், மாசம் 80 போட்டா எட்டு மாசம். வரலன்னா வரல, ஆனா அதுக்கப்புறம் புதுசா ஒரு காசு போடக்கூடாது.

உங்க கடிதத்துலயே ஒரு நல்ல சேதி இருக்கு, நீங்க கவனிக்கல. மாசம் 400 ஆப்புக்கு கட்ட முடியும்னு எழுதியிருக்கீங்க. அப்போ அந்த 400 உங்ககிட்ட இருக்கு! முதல் மாச 400ல உங்க வீட்டு டிக்கெட் 360 முடிஞ்சிடும், ரொக்கமா, கடன் இல்லாம. அடுத்த மாசத்துலேர்ந்து அந்த 400ம் இப்போ கட்டுற 140ம் சேத்து 540 கார்டுக்கு கட்டுங்க, புதுசா எதுவும் தேய்க்காம இருந்தா ஆறு மாசத்துல கார்டு காலி. மினிமம் மட்டும் கட்டிட்டு போனா எத்தன வருஷம் ஆகும்னு ஸ்டேட்மென்ட்டுலயே போட்டிருப்பாங்க, பாருங்க.

இபிஎஃப் 700 பத்தி. 2024 மே மாசத்துலேர்ந்து மாசச் சந்தாவுல 10 விழுக்காடு மூணாவது கணக்குக்கு போகுது, குறைஞ்சது 50 வெள்ளின்னு எப்போ வேணும்னாலும் எடுக்கலாம், அதனாலயே நம்ம ஆளுங்க எடுத்துட்டே இருக்காங்க, போன் ரிப்பேருக்கு, பர்த்டே கேக்குக்கு. ட்ரிப்புக்கு எடுக்காதீங்க. கார்டு கடன அடைக்க எடுக்கலாமான்னா, கணக்குப்படி தப்பு இல்ல, 2024க்கு இபிஎஃப் குடுத்தது 6.30 விழுக்காடு, கார்டு தின்னுறது 18. ஆனா "நான் போட்டுடுறேன்" நிக்காத வரைக்கும் அதத் தொடாதீங்க. 700 போட்டு கார்ட 2,100க்கு கொண்டு வந்து, அடுத்த கல்யாணத்துக்கு மறுபடி 2,800 ஆச்சுன்னா சேமநிதியும் போச்சு, கடனும் அப்படியே நிக்கும். மூணு மாசம் கார்டு ஏறாம இருந்துச்சுன்னா அப்புறம் எடுத்துக் கட்டுங்க, அது வரைக்கும் அங்கயே கெடக்கட்டும், வீட்டுக்காரரு லாரி வேலை, ஒரு நாள் உடம்பு சரியில்லாம படுத்தா உதவும்.

பத்துமலைக்கு காலையிலயே போயிடுங்க, கொம்யூட்டர் அடிக்கடி வராது, நேரத்த முன்னாடியே பாத்து வைங்க. 272 படி, அம்மாவ கீழ முருகன் சிலைகிட்ட நிழல்ல உக்கார வச்சிட்டு ஒருத்தர் கூட இருங்க. திரும்பி வந்து மூணாவது மாச ஸ்டேட்மென்ட் வந்ததும் அத எனக்கு அனுப்பி வைங்க, 2,800 எங்க நிக்குதுன்னு பாத்துட்டு மத்தத அப்போ பேசுவோம்.