பாட்டும் பாடமும்: வெளிநாட்டு சத்சங்கம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் வாராந்திர சத்சங்கம் தொடங்கப் போகிறோம். வருபவர்களில் பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்கள். முதலில் பாட்டா, பாடமா?

பதில்: பாட்டுதான். ஒருவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் நாமசங்கீர்த்தனத்துக்கு முன்பயிற்சியே வேண்டாம். 1926 ஏப்ரலில் நியூயார்க் கார்னகி அரங்கில் குரு நானக்கின் பாடல் ஒன்றை, அமெரிக்காவில் யோகம் கற்பித்த பரமஹம்ச யோகானந்தர் கூட்டத்தினரை ஆங்கிலத்தில் பாடவைத்தார். ‘இவர்களுக்கு இதெல்லாம் புரியாது’ என்று நண்பர் ஒருவர் முன்பே தயங்கியிருக்கிறார். ஆனால் வந்திருந்த மூவாயிரம் பேரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் பாடினார்கள். நீங்களும் பாடி முடித்த ஈரம் காய்வதற்குள் அதே வரியிலிருந்து பாடத்தைத் தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: ரோமன் எழுத்தில் பார்த்துப் படித்து உச்சரிப்பைக் கொல்கிறார்கள். திருத்தினால் கோபித்துக்கொள்வார்களோ?

பதில்: முதலில் நீங்கள் அச்சடித்துக் கொடுத்த தாளைப் பாருங்கள். நெடிலுக்கு மேல்கோடு போடாவிட்டால் ‘பல’மும் ‘பால’னும் ஒரே மாதிரிதான் தொடங்கும். எங்கள் குழுவில் ஒருவர் பல வாரம் குழந்தையைக் கும்பிடுவதாக நினைத்து வலிமையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்! குற்றம் அவருடையதல்ல, என் தாளுடையது. பாட்டின் நடுவில் திருத்த வேண்டாம். தொடங்கும் முன் ராகமில்லாமல் ஒருமுறை மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள், போதும்.

கேள்வி: ஆர்மோனியம் கட்டாயமா?

பதில்: இல்லை. அதுவே ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம்தான். ஒரு ஜோடி தாளமும் சுருதிப் பெட்டியும் போதும். சுருதியை மட்டும் உங்கள் தொண்டைக்கு வைக்காமல் திருப்பிப் பாடுகிறவர்களுக்கு வையுங்கள். கொஞ்சம் ஏற்றினாலும் பின்வரிசை ஆண்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

கேள்வி: கனடாவில் பிறந்த பிள்ளைகள் தேவாரம் பாடுகிறார்கள், தமிழ் வாசிக்கத் தெரியாது. பொருள் தெரியாமல் பாடி என்ன பயன்?

பதில்: வாயில் ஏறிவிட்டதல்லவா, பாதி வேலை முடிந்தது. ஹவாயில் கவாய் தீவு ஆதீனத்தை நிறுவிய சுப்பிரமுனிய சுவாமி ஓர் அமெரிக்கர். 1949இல் இலங்கையில் சைவ ஞானி யோகசுவாமிகளிடம் தீட்சை பெற்றவர். தமிழ் தாய்மொழியல்லாத அங்குள்ள துறவிகள் யோகசுவாமிகளின் தமிழ்ப் பாடல்களைப் பாடுகிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு வாரம் ஒரே ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள். ‘அருள்’ என்றால் என்ன என்று ஒரு பதினொரு வயதுக்காரியிடம் கேட்டுப் பாருங்கள், அரைமணி போய்விடும்.

கேள்வி: பாட்டு முடிந்ததும் பாதிக் கூட்டம் செருப்பைத் தேடுகிறது. பாடத்துக்கு யாரும் இருப்பதில்லை.

பதில்: எனக்கும் இதே கதைதான், நிறைய எரிச்சல் பட்டிருக்கிறேன். 1966இல் இஸ்கான் (ஹரே கிருஷ்ணா) இயக்கத்தை நிறுவிய பிரபுபாதர் நியூயார்க்கில் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் கீர்த்தனம் நடத்தினார். பக்கத்தில் வாடகைக் கடை ஒன்றில் கீதை வகுப்பு எடுத்தார். பூங்காவுக்கு வந்தவர்கள் எல்லோரும் கடைக்கு வந்துவிடவில்லை. நான் செய்த மாற்றம் இதுதான்: அன்றைய பாட்டை முதலில் ஒருமுறை, பாடம் நடத்தி, அப்புறம் அதே பாட்டை மறுபடி. இரண்டாம் முறை பாடும்போது குரலே வேறாக இருக்கும். அதற்காகவே சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேள்வி: எனக்குப் பாட வராது. நடத்தலாமா?

பதில்: தாராளமாக. பாடத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். நான் அப்படித்தான் காலம் தள்ளுகிறேன்.