சுழலும் கட்டங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். கேம் செய்ய உதவும் கோடோ எஞ்சின் என்ற மென்பொருளில் எளிய மொபைல் கேம் ஒன்று செய்திருக்கிறேன். கோடு வரைந்த கட்டத்தைத் தொட்டால் 90 பாகை திரும்பும். கோடுகள் எல்லாம் இணைந்தால் புதிர் முடிந்தது. நேரம் 60 விநாடி. மனதுக்கு இதமாக இருக்கட்டும் என்று வெளிர் நிறங்களும் புல்லாங்குழலும் வைத்தேன். நண்பர்களோ “டென்ஷன் ஆகுது” என்கிறார்கள். வேறு எந்த நிறம், எந்த இசை வைக்கலாம்? போனில் நிறுவும் ஏபிகே கோப்பும் நிரலும் இணைத்திருக்கிறேன்.

ஒரு மாணவன்

அன்புள்ள மாணவருக்கு,

நிறத்தில் கோளாறு இல்லை. கடிகாரத்தை எடுத்துவிடுங்கள், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

கட்டங்களை ரேண்டமாக வாரி இறைத்திருக்கிறீர்கள். அதனால் பல புதிர்களுக்கு விடையே கிடையாது. ஆடுபவருக்கு அது தெரியாது. தன் மூளையைத்தான் சந்தேகிப்பார். விடையிலிருந்து தொடங்குங்கள். அடுத்தடுத்த இரு கட்டங்களுக்கு நடுவில் இணைப்பு உண்டா இல்லையா என்று ஒவ்வோர் எல்லைக்கும் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். வெளி ஓரத்தில் இணைப்பு கூடாது. நான்கு பக்கமும் தெரிந்துவிட்டால் அந்தக் கட்டம் வெற்றா, முனையா, நேர்க்கோடா, வளைவா, முச்சந்தியா, நாற்சந்தியா என்பது தானே வந்துவிடும். பிறகு ஒவ்வொன்றையும் 0 முதல் 3 முறை திருப்பிக் கலைத்துவிடுங்கள். இணைப்பு வாய்ப்பை 50 சதவீதத்துக்கு மேல் அதிகம் ஏற்றாதீர்கள். எப்படித் திருப்பினாலும் மாறாத நாற்சந்திகள் பெருகி ஆட்டம் சப்பென்று ஆகிவிடும்.

அடுத்தது விரல். கட்டம் திரும்பும் 0.3 விநாடிக்குள் விழும் அடுத்த தட்டலை உங்கள் நிரல் கண்டுகொள்வதில்லை. மூன்று முறை தட்டியவருக்கு ஒரு திருப்பம்தான் கிடைக்கிறது. தட்டியவுடன், கட்டம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நிரல் வைத்திருக்கும் திசை எண்ணை மாற்றிவிடுங்கள். அசைவு பின்னால் வரட்டும், 0.12 விநாடி போதும். கோணத்தை 270-லிருந்து 0-க்குக் கொண்டுபோனால் கட்டம் பின்பக்கமாகச் சுழலும். 360, 450 என்று கூட்டிக்கொண்டே போங்கள்.

ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் தொடு அளவு குறைந்தது 48 டிபி (டிபி என்பது ஆண்ட்ராய்டில் திரை அளவைக் குறிக்கும் அலகு). 360 டிபி அகலத் திரையில் இருபுறமும் 8 விட்டால் 7 பத்திகளுக்கு மேல் கொள்ளாது. நீங்கள் 9 வைத்திருக்கிறீர்கள்.

புல்லாங்குழல் இருக்கட்டும், எம்பி3-ஆக வேண்டாம். அதன் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்வதால் லூப் சுற்றும்போது தடுக்கும். மூல ஒலிப்பதிவிலிருந்து ஓஜிஜி வகை ஒலிக்கோப்பு ஆக்குங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அதே ‘டிக்’ என்றால் சீக்கிரமே எரிச்சல் வரும். மோகன ராகத்தின் ஸ ரி க ப த ஐந்தில் ஏதோ ஒன்று ஒலிக்கட்டும். பின்னணியின் சுருதியோடு சேர்ந்தால் எந்த வரிசையில் வந்தாலும் உறுத்தாது.

கோடோவில் லோ ப்ராசஸர் மோடு என்ற அமைப்பை இயக்குங்கள். திரையில் மாற்றம் இல்லாதபோது மறுபடி வரையாது, போன் சூடாகாது. ஒவ்வொரு நகர்வுக்கும் சேமியுங்கள். பின்னணிக்குப் போன செயலியை ஆண்ட்ராய்டு சொல்லாமலே மூடிவிடும்.

ப்ளே ஸ்டோரில் புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் 14 நாள் தொடர்ந்து மூடிய சோதனையில், அதாவது வெளியிடும் முன் அழைத்தவர்கள் மட்டும் ஆடிப் பார்க்கும் சோதனையில், இருக்க வேண்டும். அதில் வகுப்புத் தோழர்களை மட்டும் நிரப்பாதீர்கள். 50 வயது தாண்டிய மூன்று பேராவது வேண்டும். “பிடிச்சிருக்கா?” என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கட்டத்தை இரண்டாம் முறை தட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.