வாக்குத்தத்தம் கையில இருக்கு, நிறைவேறல – கேள்வி பதில்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். விசுவாசம் ஆட்டம் கண்ட நேரத்துல தேவனோட வாக்குத்தத்தத்த எப்படி நம்புறதுன்னு நெறைய பேர் கேட்டிருக்கீங்க. நான் பாஸ்டர் இல்ல, வேதபாட வகுப்பு எடுக்குறவன், படிச்சதுல எனக்கு புரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: பிரதர், உங்க மேல நான் வச்சிருக்குற நினைவுகள் தீமைக்கில்ல, சமாதானத்துக்கேதுவானதுன்னு கர்த்தர் சொல்ற எரேமியா 29:11 எனக்கு மனப்பாடம். தினமும் சொல்றேன். ஆனா நாலு வருஷமா எதுவுமே மாறல. எங்க தப்பு?

பதில்: தம்பி, அதுக்கு முந்தின வசனத்தையும் சேர்த்து படிங்க. 10-ம் வசனத்துல எழுபது வருஷம்னு இருக்கு. ராஜா நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்கு பிடிச்சுட்டு போன யூதா ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின லெட்டர் அது. 28-ம் அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தர் ரெண்டே வருஷத்துல எல்லாம் சரியாயிடும்னு சொன்னார், கேக்க எவ்வளவு நல்லா இருந்திருக்கும், ஆனா அது பொய். எரேமியா என்ன எழுதுறார்னா வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, கல்யாணம் பண்ணுங்க, அந்த ஊரோட சமாதானத்துக்கு ஜெபம் பண்ணுங்கன்னு. அத கேட்ட பெரியவங்க பல பேர் திரும்பி வர்றத கண்ணால பாத்திருக்க மாட்டாங்க. ஆனா "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்"னு சொன்னது அவங்களுக்கும் சேர்த்துதான். தப்பு உங்க மேல இல்ல தம்பி, அந்த வசனத்துல இல்லாத ஒரு தேதிய நாமளா அதுக்குள்ள எழுதி வச்சுடுறோம்.

கேள்வி: ஐயா, எங்க பிள்ளைக்காக உபவாசம் இருந்து ஜெபிச்சோம். போயிட்டான். உங்களுக்கு விசுவாசம் பத்தலன்னு சபையில ஒருத்தர் சொல்லிட்டார். அன்னையிலிருந்து ஜெபிக்க பயமா இருக்கு.

பதில்: அம்மா, அந்த வார்த்தைய உங்க மனசுல இருந்து எடுத்துடுங்க, அது வேதத்துல இல்ல. எபிரெயர் 11-அ எடுத்து பாருங்க, ஒரே அதிகாரம்தான், சிங்கங்களோட வாய அடைச்சவங்களும் அதுலதான் இருக்காங்க, வாளால வெட்டுப்பட்டு செத்தவங்களும் அதுலதான் இருக்காங்க, 39-ம் வசனம் எல்லாரையும் சேர்த்தே விசுவாசத்தினால நற்சாட்சி பெத்தவங்கன்னு சொல்லுது, தப்பிச்சவங்களுக்கு விசுவாசம் ஜாஸ்தி, சாகக் கொடுத்தவங்களுக்கு கம்மின்னு அங்க எந்த கணக்கும் இல்ல. அப்போஸ்தலன் பவுல் தன்னோட சரீரத்துல முள்ளு மாதிரி இருந்த ஒரு வேதனை நீங்கணும்னு மூணு தரம் வேண்டினார், அது நீங்கல, பவுலுக்கு விசுவாசம் இல்லன்னு யாராவது சொல்லுவாங்களா? பிள்ளைங்க, சொத்துன்னு எல்லாத்தையும் இழந்த யோபுவோட சிநேகிதங்க ஏழு நாள் வாய திறக்காம பக்கத்துல உக்காந்தாங்க, அதுதான் அவங்க செஞ்ச ஒரே நல்ல காரியம், வாய திறந்து காரணம் சொல்ல ஆரம்பிச்ச பிறகுதான் எல்லாம் கெட்டுச்சு. கடைசியில கர்த்தர் கோபப்பட்டது அவங்க மேல, யோபு மேல இல்ல. செத்துப்போன லாசருவ உயிரோட எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் இயேசு அந்த இடத்துல கண்ணீர் விட்டார். நீங்க அழுங்கம்மா. ஜெபம் வரலன்னா அழுகையே போதும், அவர் கேப்பார்.

கேள்வி: தேவன்கிட்ட கோபமா பேசினா பாவமா?

பதில்: சங்கீதம் 88 படிங்க, கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், ஆனாலும் வேதத்துக்குள்ள இருக்கு. வனாந்தரத்துல இஸ்ரவேலர் முறுமுறுத்ததுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, அவங்க கூடாரத்துக்குள்ள உக்காந்து அவரப்பத்தி ஒருத்தருக்கொருத்தர் பேசினாங்க, சங்கீதக்காரன் அவர்கிட்டயே "எதுவரைக்கும் கர்த்தாவே"ன்னு கேட்டான். நீங்க அவர்கிட்டயே கேளுங்க.

கேள்வி: பிரதர், ஆபிரகாம் மாதிரி விசுவாசம் எனக்கு வரவே வராதுன்னு தோணுது.

பதில்: ஆபிரகாமுக்கே ஆரம்பத்துல அப்படி ஒண்ணும் இல்ல சிஸ்டர். தேவன் சொன்ன வாக்குத்தத்தத்த நம்பி 75 வயசுல புறப்பட்டார், வாக்குப்படி மகன் ஈசாக்கு பொறந்தப்ப 100. நடுவுல இருபத்தஞ்சு வருஷம். அந்த நடுவுலதான் பயந்துபோய் மனைவி சாராள தங்கச்சின்னு ரெண்டு தரம் சொன்னது, குழந்தைக்காக வேலைக்காரி ஆகார சேர்த்துக்கிட்டது எல்லாமே நடந்துச்சு. எனக்கு ரொம்ப பிடிச்சது ஆதியாகமம் 15. அந்த காலத்துல உடன்படிக்கை பண்றவங்க மிருகத்த ரெண்டா வெட்டி அந்த துண்டுகளுக்கு நடுவுல நடப்பாங்க, சொன்ன வார்த்தைய மீறினா எனக்கும் இந்த கதிதான்னு அர்த்தம். அன்னைக்கு ஆபிரகாம் அயர்ந்த நித்திரையில கெடக்கார், நடுவுல கடந்து போனது புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டும்தான். அதாவது பொறுப்பு முழுசையும் தேவன் தன் மேலயே போட்டுக்கிட்டார், தூங்குறவன் மேல எதுவும் இல்ல. இத்தன வருஷம் கழிச்சுதான் ஈசாக்க பலியிட தேவன் சொன்ன மோரியா மலை வருது, அங்க வேலைக்காரங்ககிட்ட "திரும்பி வருவோம்"னு சொல்றார், வருவேன்னு இல்ல, வருவோம். ஈசாக்கையும் சேர்த்து. அந்த ஒரு சொல்ல பேச அவருக்கு அத்தன வருஷம் ஆச்சு, உங்களுக்கும் டைம் கொடுங்க.

கேள்வி: சோதனை தேவன் கொடுக்குறதா, பிசாசு கொடுக்குறதா?

பதில்: தமிழ் பைபிள்ல ரெண்டுக்கும் ஒரே சொல், அதான் குழப்பம். யாக்கோபு 1-ம் அதிகாரத்துலயே 2-ம் வசனத்துல பலவித சோதனைகள சந்தோஷமா எண்ணுங்கன்னு வருது, 13-ம் வசனத்துல தேவன் ஒருவனையும் சோதிக்கிறவரல்லன்னு வருது. முதல்ல சொல்றது பரீட்சை, ரெண்டாவது பாவத்துக்கு இழுக்குறது. ஆனா ஒரு கஷ்டத்துல இருக்குறவங்ககிட்ட போய் இது எதனாலன்னு நாம தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

கேள்வி: அண்ணா, பைபிள தொறக்கவே முடியல. செத்துடலாம்னு கூட தோணுது.

பதில்: தம்பி, முதல்ல இத இன்னைக்கே வீட்டுல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, டாக்டரையும் பாருங்க, அது அவிசுவாசம் கெடையாது. எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடிக்கு கீழ படுத்துக்கிட்டு போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்னு கேட்டவர்தான். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணல, தட்டி எழுப்பி சாப்பிட சொன்னான், மறுபடி தூங்க விட்டான், திரும்பவும் எழுப்பி சாப்பிட வச்சான். நீங்களும் இப்ப சாப்பிடுங்க, தூங்குங்க, தனியா இருக்காதீங்க. ஜெபம் வேணும்னா மாற்கு 9-ல தன் பையன சுகமாக்க சொல்லி இயேசுகிட்ட வந்த தகப்பன் சொன்னதே போதும், நம்புறேன், என் நம்பாத தன்மைக்கு உதவி பண்ணும்னு. அவர் பையன் அன்னைக்கே சுகமானான். ராத்திரி தூக்கம் வரலன்னா கூட இங்க எழுதுங்க, நான் பாப்பேன், ஆனா வீட்டுல சொல்றத தள்ளிப் போடாதீங்க.