மாசி, பங்குனியில் சின்னத் தோட்டம்: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பஞ்சாங்கத்தில் இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. செட்டிநாட்டுச் செம்மண்ணில் மாசி பாதியிலேயே வெயில் ஏறிவிடும். வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை, வேலை வெளியூரில், நிலம் ஊரில் என்று இருக்கும் குடும்பங்களிடமிருந்து வந்தவை. அதை மனத்தில் வைத்தே பதில் சொல்கிறோம்.

கண்டனூரில் அரை ஏக்கர் இருக்கிறது. சனி, ஞாயிறு மட்டும் வருவோம். தோட்டம் பார்க்க ஒருவர் காலையும் மாலையும் வருகிறார். பிள்ளைகள் மாடு, ஆடு, கோழி எல்லாம் கேட்கிறார்கள். எதில் தொடங்கலாம்?

கோழியில் தொடங்குங்கள். மாடு வேண்டாம். கறவை மாட்டுக்குத் தினமும் இரண்டு வேளைக் கறவை உண்டு, ஒரு வேளை தவறினாலும் மடி கட்டிக்கொள்ளும். கோடையில் ஒரு மாடு நாளைக்கு 60 முதல் 80 லிட்டர் தண்ணீர் குடிக்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொட்டி காலியானால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் விடை இல்லாதவரை மாடு வாங்காதீர்கள்.

பத்துப் பெட்டை, ஒரு சேவல் போதும். ஒரு நாள் குஞ்சாக வாங்க வேண்டாம். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும், பிறகு வாரம் 5 டிகிரியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். இடையில் மின்சாரம் போனால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். எட்டு வாரம் தாண்டிய, தடுப்பூசி போட்ட குஞ்சுகளை வாங்குவது உங்களுக்கு ஏற்றது. இரவு அடைய 4 அடிக்கு 5 அடிக் கூண்டு போதும். வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கீரியும் பாம்பும் நுழைவது பெரிய கண் வழியாகத்தான். தண்ணீரை ஒரே சட்டியில் வைக்காமல் நிழலில் இரண்டு இடத்தில் மண்சட்டியில் வையுங்கள். ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது காப்பாற்றும்.

கோடையில் கூட்டத்தையே அள்ளிக்கொண்டு போவது வெள்ளைக்கழிச்சல். ஏழாம் நாள் லசோட்டா தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, எட்டாம் வாரம் ஆர்.டி.வி.கே. ஊசி இறக்கையடியில் 0.5 மில்லி. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக் கழிச்சல் முகாமில் இலவசமாகப் போடுகிறார்கள். தடுப்பூசி மருந்தை ஐஸ் வைத்த ஃபிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். பைக் பெட்டியில் வெயிலில் வந்த மருந்தைப் போட்டால் வெறும் தண்ணீரைப் போட்ட மாதிரிதான்.

கோழி ஆறு மாதம் நன்றாகப் போனால் இரண்டு பெட்டை ஆடு வாங்கலாம். ஒற்றை ஆடு கத்திக்கொண்டே இருக்கும், இரையும் சரியாக எடுக்காது. அதற்கு முன்பே வேலியோரம் அகத்தியும் கிளுவையும் நட்டு வளர்த்துவிடுங்கள். ஓர் ஆட்டுக்கு நாளைக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தழை வேண்டும். சூபாபுல் என்ற தீவன மரத்தின் தழை இருந்தால் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

அடை வைத்த 14 முட்டையில் 4 மட்டுமே பொரித்தது. மார்கழியில் இதே கோழி 11 குஞ்சு எடுத்தது. கோழியில் குறையா? (பள்ளத்தூர்)

கோழியில் குறை இல்லை. முட்டையைச் சேர்த்து வைத்த இடத்தில்தான் குறை. கரு வளர்ச்சி 21 டிகிரி செல்சியஸ் வாக்கில் தொடங்கிவிடும். மார்கழியில் உங்கள் சமையலறை மாடம் ஓரளவு குளிர்ச்சியாக இருந்திருக்கும். பங்குனியில் அதே மாடம் 34, 35 டிகிரி. அடை வைக்கும் முன்பே கரு அரைகுறையாக வளர்ந்து, இரவில் நின்று, பகலில் மறுபடி கிளம்பிச் செத்துப்போகிறது.

அகன்ற மண்தொட்டியில் ஆற்று மணலைப் பாதி நிரப்பி நனையுங்கள். நடுவில் சின்னப் பானையைப் புதைத்து, அதில் வைக்கோல் பரப்பி, முட்டையை அகன்ற முனை மேலே இருக்கும்படி வையுங்கள். ஈரத் துணியால் வாயை மூடி, மணலில் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே இறங்கும். இந்தக் காலத்தில் ஐந்து நாளுக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு வைக்காமல் ஆம்லெட்டுக்கு அனுப்புங்கள்.

பதினான்கும் அதிகம். வெயில் காலத்தில் 10 போதும். கூடையில் இரண்டு அங்குல மணல், மேலே வைக்கோல், ஒரு பிடி வேப்பிலை போடுங்கள். செள் பிடித்த கோழி அடையில் உட்காராது, எழுந்து எழுந்து போகும்.

ஏழாம் நாள் இரவு, இருட்டில் டார்ச்சின் முகப்பில் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். நல்ல முட்டையில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்தி கால் விரித்த மாதிரி சிவப்பு நரம்புகள், உற்றுப் பார்த்தால் புள்ளி அசையும். ஒன்றும் இல்லாமல் மஞ்சளாக ஒளி கடந்து வந்தால் கூமுட்டை. நரம்பு இல்லாமல் ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெடித்து மற்றதையும் கெடுக்கும். 18ஆம் நாளுக்குப் பிறகு தொட வேண்டாம். கூடையைச் சுற்றித் தரையில் மட்டும் தண்ணீர் தெளித்து வாருங்கள். காற்று வறண்டால் உள்சவ்வு காய்ந்து, குஞ்சு ஓட்டைக் கொத்தியும் வெளியே வர முடியாமல் போகும்.

இப்போது என்ன விதைக்கலாம்? (புதுவயல்)

வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டங்கீரை, சுரை, பீர்க்கு, பாகல், வெள்ளரி. பந்தல் அவரை வேண்டாம். பகல் நீளும் காலத்தில் கொடி மட்டும் ஓடும், பூக்காது. வெண்டை விதையை இரவு ஊறவைத்து ஒன்றரை அடிக்கு ஓர் அடி இடைவெளியில் ஊன்றுங்கள், 45 நாளில் முதல் காய். மஞ்சள் நரம்புத் தேமல் கண்ட செடியை அன்றே பிடுங்கி எரிக்க வேண்டும். அதிலிருந்து வெள்ளை ஈ மற்றச் செடிக்குக் கொண்டுபோகும். மண் இறுகினால் கண்மாய் வண்டல் அடியுங்கள், அனுமதியைத் தாசில்தார் அலுவலகத்தில் கேளுங்கள்.

சுரைக்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து பூத்துக் கொட்டுகிறது. பிஞ்சு விட்டாலும் விரல் நீளத்தில் மஞ்சளாகி உதிர்கிறது. (கானாடுகாத்தான்)

கொட்டுவது ஆண் பூ. அது உதிரத்தான் செய்யும். வெயிலும் தழைச்சத்தும் கூடினால் ஆண் பூ அதிகம் வரும், யூரியாவோ புதுச் சாணமோ போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். தலைக்கொடி பத்து, பன்னிரண்டு இலை விட்டதும் நுனியைக் கிள்ள வேண்டும். பெண் பூ பக்கக் கிளைகளில்தான் நிறைய வரும்.

விரல் நீளத்தில் மஞ்சளாவது மகரந்தம் சேராத பிஞ்சு. சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் மாலையில் இருட்டும் நேரத்தில் மலர்பவை. பகல் தேனீ வந்து பார்க்கும்போது பூ வாடியிருக்கும். அந்துப்பூச்சி குறைவான இடத்தில் கைதான் உதவி. மாலை ஆறரை மணிக்குப் பந்தலுக்குப் போங்கள். பெண் பூவின் கழுத்தடியில் பஞ்சு போன்ற ரோமத்துடன் சின்னச் சுரைக்காயே இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் நீண்ட காம்பு. அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் பிளவுபட்ட சூல்முடியில் நாலு பக்கமும் மெதுவாகத் தடவுங்கள். விரலில் மஞ்சள் பொடி ஒட்டினால் மகரந்தம் உயிரோடு இருக்கிறது. ஓர் ஆண் பூ இரண்டு, மூன்று பெண் பூவுக்குப் போதும். நான்காம் நாள் பிஞ்சு தலை கவிழ்ந்து பச்சை பளபளப்பாக இருந்தால் ஒட்டிக்கொண்டது. பாகலும் பூசணியும் விடியற்காலை மலர்பவை, அவற்றுக்கு இந்த வேலையைக் காலை எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும்.

பிஞ்சின் மேல் ஊசி குத்திய புள்ளியும் அதில் பிசினும் தெரிந்தால் அது பழ ஈ. அந்தப் பிஞ்சைக் குப்பையில் போடாமல் கொதிநீரில் போடுங்கள். மற்றப் பிஞ்சுகளை, அவை பிடித்துக்கொண்ட மறுநாளே செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றிக் கட்டலாம்.

தென்னையில் குரும்பை கொட்டுகிறது. வாரம் ஒருமுறை நிறையத் தண்ணீர் விடுகிறோம். (தேவகோட்டை)

சரளை கலந்த செம்மண்ணில் வாரம் ஒருமுறை வெள்ளமாக விட்டால் பாதி கீழே இறங்கிவிடும். சொட்டுநீரில் தினமும் மரத்துக்கு 80 லிட்டர் கொடுங்கள். வசதி இல்லாவிட்டால் நாலு நாளுக்கு ஒரு முறை 300 லிட்டருக்குக் குறையாமல் விடுங்கள். தூரை ஒட்டி விடாதீர்கள், தண்ணீர் உறிஞ்சும் வேர் ஆறடி வட்டம் வரை பரவியிருக்கிறது. அந்த வட்டத்தில் 100 தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்கும்படி கவிழ்த்து அடுக்குங்கள். உரம் இப்போது போட வேண்டாம், மழை ஈரத்தில் போடலாம்.

உதிர்ந்த குரும்பையின் தொப்பியை நீக்கிப் பாருங்கள். அடியில் வெளிறிய முக்கோணத் தழும்பு இருந்தால் சிலந்திப்பேன், அதற்குத் தண்ணீர் மட்டும் போதாது. எருக்குழியையும் கிளறிப் பாருங்கள். வளைந்த வெள்ளைப் புழு இருந்தால் காண்டாமிருக வண்டு அங்கேதான் வளர்கிறது. கோழியை விட்டுக் கிளறவிட்டால் ஒரு காலையில் முடித்துவிடும்.

மா இலையெல்லாம் கரி பூசிய மாதிரி இருக்கிறது. (கொத்தமங்கலம்)

தத்துப்பூச்சி கழிக்கும் தேன் போன்ற நீரில் படரும் கரும்பூஞ்சாணம் அது. ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் நீரில் காய்ச்சி, ஆறியபின் 20 லிட்டராக்கி, வெயில் நாளில் இலையில் தெளியுங்கள். காய்ந்து உரியும்போது கரியையும் எடுத்துக்கொண்டு விழும். பூ விரிந்திருக்கும்போது எதையும் தெளிக்க வேண்டாம், தேனீ வராது. காய் பட்டாணி அளவு ஆனபின் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஆரம்பியுங்கள்.

கோடை மழை பெய்த நாலாம் நாள் நல்ல ஆடு ஒன்று துள்ளி விழுந்து செத்தது. விஷம் வைத்திருப்பார்களோ? (நெற்குப்பை)

அக்கம்பக்கத்தாரைச் சந்தேகிக்க வேண்டாம். மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லை ஆசையாக மேய்ந்த கொழுத்த ஆடுகளுக்கு வருவது துள்ளுமாரி. குடலில் இருக்கும் கிருமி பெருகி நஞ்சு விடும், சிகிச்சைக்கு நேரமே தராது. ஆண்டுதோறும் மழைக்கு முன் தடுப்பூசி போட வேண்டும், முதல் தடவை போடும் ஆட்டுக்கு இரண்டு வாரத்தில் மறு ஊசி. மழை பெய்த வாரம் காலையில் வைக்கோலோ கடலைக்கொடியோ தின்னக் கொடுத்து, பனி காய்ந்தபின் ஒரு மணி நேரம் மட்டும் மேயவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வறட்சியில் நின்று மழையில் துளிர்த்த சோளத் தட்டையில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். முழங்கால் உயரச் சோளத்தில் ஆடோ மாடோ வாய் வைத்தால் அரை மணி நேரத்தில் விழும். பூக்கும்வரை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பரீட்சை லீவுக்குப் பிள்ளைகள் ஆயா வீட்டுத் தோட்டத்தில் ஒரு மாதம் தங்கப் போகிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்? (கோயம்புத்தூர்)

கிணறு முதலில். கைப்பிடிச் சுவர் மூன்றடிக்குக் குறைவாக இருந்தால் மேலே இரும்பு வலை போட்டுப் பூட்டுங்கள். பிள்ளைகள் வருவதற்கு முன்பே போட வேண்டும்.

அடுத்தது பாம்பு. செம்மண் சரளையும் செங்கல் குவியலும் சுருட்டை விரியனுக்குப் பிடித்த இடம். ஓர் அடி, ஒன்றரை அடி நீளமே இருக்கும், குட்டி என்று நினைத்துக் கையை வைத்துவிடுவார்கள். விறகையும் கல்லையும் வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி அடுக்குங்கள். கோழித் தீவனத்தை மூடி போட்ட டின்னில் வையுங்கள். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். கட்டு விரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்த வலிகூடத் தெரியாது. முற்றத்தில் காற்றாடப் படுக்க ஆசைப்பட்டால் கட்டிலில், கொசுவலையின் ஓரத்தைப் பாயின் அடியில் செருகிப் படுக்க வைக்க வேண்டும்.

கடித்துவிட்டால் கொலுசு, வளையல், மோதிரத்தை உடனே கழற்றுங்கள், வீங்கினபின் கழற்ற முடியாது. கீறுவது, உறிஞ்சுவது, கயிறு இறுக்கிக் கட்டுவது, பச்சிலை வைப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் துணியால் தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு 108 வண்டியிலோ சொந்த வண்டியிலோ நஞ்சுமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த மருத்துவமனை, எவ்வளவு நேரம் ஆகும் என்பதை லீவு தொடங்கும் முன்பே விசாரித்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பாம்பை அடித்து எடுத்துப்போகத் தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

கொத்தவரங்காய் மிச்சம் விழுகிறது. வற்றல் போட்டால் பூசணம் பிடிக்கிறது. (காரைக்குடி)

முற்றிய காய் நார் ஆகும், இளசாகப் பறியுங்கள். ஒரு கிலோ காயை நுனி கிள்ளி, இரண்டு மேசைக்கரண்டிக் கல்லுப்பு போட்ட கொதிநீரில் மூன்று நிமிடம் மட்டும் விட்டு வடியுங்கள். நன்றாக ஆறியபின் அரை லிட்டர் புளித்த கெட்டி மோரில் ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் மோரை விட்டுப் பிழிந்து முற்றத்தில் பாயில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். மாலையில் மறுபடி அதே மோரில் போடுங்கள். மோர் தீரும்வரை இரண்டு, மூன்று நாள் இப்படி. பிறகு நாலு நாள் முழு வெயில்.

பூசணம் பிடிப்பது பெரும்பாலும் மாலையில் எடுக்கத் தாமதிப்பதால்தான். ஐந்து மணிக்கு மேல் ஈரக்காற்று இறங்கும், காய்ந்தது திரும்ப ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெயில் சூட்டோடு டப்பாவில் அடைப்பதும் தப்பு, மூடியில் வியர்க்கும். நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஒன்றை ஒடித்துப் பாருங்கள். சடக் என்று ஒடிந்தால் ஜாடியில் போடலாம், வளைந்தால் இன்னொரு வெயில் வேண்டும்.