மெழுகுவர்த்தி கையில், மனசு வேறெங்கோ

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 41. வேலைக்குப் போகிறேன், இரண்டு பிள்ளைகள். சின்ன வயதில் டிசம்பர் பிறந்தாலே மனதுக்குள் ஓர் அமைதி வரும். இப்போது வயிற்றைப் பிசைகிறது. அலுவலகத்தில் வருடக் கடைசிக் கணக்கு, பிள்ளைகளுக்குத் துணி, சொந்தக்காரர்களுக்குப் பரிசு, சபையில் பாடகர் குழுப் பயிற்சி, போதாததற்கு ஞாயிறு பள்ளி நாடகத்துக்கு உடை தைக்கும் பொறுப்பும் என் தலையில். கணவர் நல்லவர், கேட்டால் செய்வார். ஆனால் கேட்பதற்குள் நானே செய்துவிடுகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஆராதனையில் விளக்கை அணைத்து எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். மெழுகு உருகி விரலில் விழுந்து சுட்டபோதுதான் சுயநினைவு வந்தது. பரிசுகளைச் சுற்ற டேப் போதுமா என்றுதான் அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விசுவாசமே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

— ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

ஒரு வருடமாக அந்த மெழுகுச் சூட்டை மறக்காமல் வைத்திருக்கிறீர்கள். விசுவாசம் போனவர் அதை மறந்திருப்பார்.

டேப் நினைவுக்கு வந்தது பாவமில்லை. முடியாத வேலையை மனசு விடாது, அதன் இயல்பு அது. ஆனால் அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று முடிவு செய்துவிட்டாலே அதன் தொந்தரவு குறைகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011-ல் காட்டினார்கள். அதனால் ஜெபிக்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு தாளை வையுங்கள். டேப் ஞாபகம் வந்தால் 'நாளை மதியம்' என்று எழுதிவிட்டு ஜெபத்துக்குத் திரும்புங்கள். பத்து முறை எழுத வேண்டியிருந்தாலும் சரி.

எல்லா வேலையும் முடிந்த பிறகு ஓர் அமைதி வரும், அப்போது ஆண்டவரிடம் உட்காரலாம் என்று காத்திருக்கிறீர்கள் என நினைக்கிறேன். லூக்கா நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில் மேய்ப்பர்களைப் பாருங்கள். நற்செய்தி வந்தபோது அவர்கள் ஆலயத்தில் இல்லை, ராத்திரி மந்தைக்குக் காவல் இருந்தார்கள். அதாவது வேலையில் இருந்தார்கள். குழந்தை இயேசுவைப் பார்த்துவிட்டுத் திரும்பியும் போனார்கள். பல வருடம் வாசித்தும் இதை நான் கவனித்ததில்லை.

டிசம்பர் 1 முதல் தினம் ஓர் அதிகாரமாக லூக்காவின் 24 அதிகாரங்களையும் வாசிப்பவர்கள் உண்டு. நல்ல பழக்கம்தான், ஆனால் முதல் அதிகாரமே 80 வசனம். இந்த வருடம் உங்களுக்கு அது வேண்டாம், இன்னொரு வேலையாகிவிடும். நாலைந்து வசனம் போதும். ஆனால் நேரத்தை ஏற்கெனவே செய்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள்: "பிள்ளைகள் அறை விளக்கை அணைத்ததும், அந்த வாசலிலேயே உட்கார்ந்து வாசிப்பேன்." 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று தீர்மானிப்பவர்கள் சொன்னதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-லேயே எழுதினார். 'நேரம் கிடைத்தால்' என்று விட்டால் டிசம்பரில் கிடைக்காது.

அப்புறம் அந்த உடை தைப்பது. அதை விடுங்கள். சபை வேலையாயிற்றே என்று தயங்குவீர்கள். உங்களை ஆராதனையில் நிற்கவிடாத வேலை சபையில் நடந்தாலும் பாரம்தான். பரிசு வாங்கி, சுற்றி முடிப்பதைக் கணவரிடம் முழுதாக ஒப்படையுங்கள். அவர் சுற்றியது கோணலாக இருந்தால் பிரித்துத் திரும்பச் சுற்றாதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒன்றும் தோன்றாத அந்த மரத்த நிலை ஆராதனையில் மட்டுமா? பிள்ளைகள் சிரிக்கும்போதும் அப்படியா? எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள்.

இந்த 24-ஆம் தேதி இரவும் ஒன்றும் தோன்றாமல் போனால் பதறாதீர்கள். திருச்சபை மரபில் கிறிஸ்துமஸ் 12 நாள், ஜனவரி 5 வரை. உங்கள் வருடக் கடைசிக் கணக்கும் அதற்குள் முடிந்திருக்கும்.