ரீஸ்டோர் செய்து காட்டச் சொல்லுங்கள், அப்புறம் பணம் கொடுங்கள்

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனி சர்வரில் நாலு ஹார்ட் டிஸ்க், ரெய்டு 5 (நாலையும் ஒரே டிஸ்க் போல இணைக்கும் முறை). இதுவே பேக்கப்தான் என்று சொல்லி விற்றார்கள். ஒன்று போனது. புதிதாக ஒன்றைப் போட்டு, போன டிஸ்க்கில் இருந்ததை அதில் மறுபடி உருவாக்கும் ரீபில்ட் ஓடும்போதே இன்னொன்றும் போய்விட்டது. (திருப்பூர்)

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை, அப்படிச் சொல்லி விற்றவர் மேல்தான். ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காமல் ஓடத்தான் ரெய்டு 5, அது பேக்கப் ஆகாது. நாலும் ஒரே நாளில் வாங்கியவை என்றால் நாலுக்கும் ஒரே வயசு, ரீபில்டில் மீதி மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும் என்பதால் நலிந்த டிஸ்க் அப்போதுதான் விழும். இப்போது சர்வரை அணைத்துவிடுங்கள். எந்த டிஸ்க் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று எழுதி ஒட்டி, டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கட்டணத்தை எழுத்தில் வாங்கிய பிறகே கொடுங்கள். கொட்டேஷனில் 'பேக்கப்' என்ற வார்த்தை இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பிழைப்புக்காக நீங்களே நடத்தும் சுயதொழில் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து முதலில் கேளுங்கள்.

கேள்வி: மதர்போர்டு எரிந்துவிட்டது, அதே மாடல் கிடைக்கவில்லை. முழு இமேஜ் பேக்கப் (விண்டோஸோடு சேர்த்து டிஸ்க் முழுவதின் நகல்) கையில் இருக்கிறது. வேறு கம்பெனி சர்வரில் ரீஸ்டோர் ஆகுமா, அதாவது எல்லாம் திரும்ப வருமா? (மதுரை)

பதில்: பெரும்பாலும் ஆகும், ஆனால் கடைக்காரர் செய்து காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். பழையது லெகசி பயாஸ் என்ற பழைய முறையில் பூட் ஆகி, புதியதில் யூஇஎஃப்ஐ என்ற புது முறை மட்டும் இருந்தால் டேட்டா முழுதும் வந்தும் பூட் ஆகாது. புது ரெய்டு கார்டின் டிரைவர் ரீஸ்டோர் பென்டிரைவில் இல்லையென்றால் டிஸ்க்கே தெரியாது. பழைய சர்வரோடு சேர்த்தே விற்ற ஓஇஎம் விண்டோஸ் லைசென்ஸ் அந்த மெஷினோடு போச்சு, புதிதாக வாங்க வேண்டும்.

எனக்கு வயிறு எரிகிற விஷயம் இதுதான்: பேக்கப் விற்க ஆயிரம் பேர் வருகிறார்கள், ரீஸ்டோர் செய்து காட்ட ஒருவரும் வருவதில்லை. நானும் ஒரு பேக்கப் சாஃப்ட்வேர் வாங்கி, தினமும் வந்த பச்சை டிக்கை நம்பிப் பதினோரு மாதம் இருந்தேன். பவர் சப்ளை வெடித்த அன்றுதான் அந்த பேக்கப்பைத் திறக்கும் பாஸ்வேர்டு செத்துப்போன சர்வருக்குள்ளேயே இருப்பது தெரிந்தது. விற்றவர் ஒரே ஒரு தடவை ரீஸ்டோர் செய்து காட்டியிருந்தால் அன்றே மாட்டியிருக்கும். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் கேளுங்கள். 2 டிபி டேட்டா 100 எம்பிபிஎஸ் இன்டர்நெட் லைனில் இறங்க 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆபீசுக்குள்ளேயே ஜிகாபிட் நெட்வொர்க் என்றால் ஐந்து மணி நேரம் போல. இரண்டு நாள் பில் போடாமல் கடை நடத்த முடியுமா?

கேள்வி: பேக்கப் டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே சொருகியிருக்கிறது. போதுமா? (நாமக்கல்)

பதில்: போதாது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டு, ஒன்றை வீட்டில் வையுங்கள். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயின.

கேள்வி: பேக்கப் சந்தா முடிந்து எட்டு மாதமாம். மெயில் அனுப்பினார்களாம், நான் பார்க்கவில்லை. இப்போது சர்வர் போய்விட்டது, நஷ்டஈடு கேட்கலாமா? (சென்னை)

பதில்: முடியாது. எட்டு மாதம் மெயிலைத் திறக்காதது நீங்கள்தான்.